பூஜை அறை விக்ரகத்துக்கு அளவான வஸ்திரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

உங்கள் வீட்டில் இருப்பவை இரண்டு பித்தளை விக்ரகங்கள். ஒன்று, அமர்ந்த கோலத்தில் நான்கு கைகளோடும், பின்னால் வளைந்து நிற்கும் திருவாசியோடும் சேர்த்து வார்க்கப்பட்ட 6 இன்ச் மகாலட்சுமி. மற்றொன்று, அதே 6 இன்ச் உயரமுள்ள தவழும் கிருஷ்ணன். இரண்டுக்கும் "6" என்று அச்சிட்ட உடைகளையே வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் லட்சுமியின் பாவாடை பீடத்தையும் தாண்டிக் கீழே புரள்கிறது. கிருஷ்ணனின் உடை தோளுக்குக் கீழே இறங்கவே மறுக்கிறது. எந்த அளவைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இரண்டு 6-களும் வெவ்வேறு அளவுகள். இரண்டுமே விக்ரகத்தின் உயரத்தைக் குறிப்பவை அல்ல. நம் ஊர்க் கடைகளில் அம்மன் பாவாடைக்குச் சொல்லப்படும் எண் பெரும்பாலும் பாவாடையின் நீளம், அதாவது இடுப்புப் பட்டையிலிருந்து கீழ்க்கரை வரையிலான அளவு. உங்கள் லட்சுமியின் 6 இன்ச்சில் கிரீடமும் பீடமும் ஆளுக்கு ஓர் இன்ச் எடுத்துக்கொண்டிருந்தால், இடுப்புக்கும் பீடத்துக்கும் நடுவே ஒன்றரை அல்லது இரண்டு இன்ச்தான் மிஞ்சும். அங்கே 6 இன்ச் பாவாடையைக் கட்டினால் அது புரளாமல் என்ன செய்யும்? தவழும் கிருஷ்ணனின் கதை வேறு. வடநாட்டில் லட்டு கோபால் என்று கொண்டாடப்படும் அந்தக் குழந்தை வடிவத்துக்கான உடைகள் பெரும்பாலும் மதுராவிலும் பிருந்தாவனத்திலும் தைக்கப்படுகின்றன. அவற்றில் சில, விக்ரகத்தின் பருமனைக் குறிக்கும் 0, 1, 2 என்ற வரிசை எண்ணோடு வரும். வேறு சிலவற்றில் உடையை வட்டமாக விரித்து வைத்தால் கிடைக்கும் குறுக்களவு இன்ச்சில் குறிக்கப்பட்டிருக்கும். வரிசை எண்களும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும். ஒருவரின் 4, இன்னொருவரின் 5 ஆக இருக்கும். ஆகவே இணையத்தில் வாங்கினாலும் நேரில் வாங்கினாலும் எண்ணைக் கேட்பதை விட்டுவிட்டு, இடுப்புப் பட்டையிலிருந்து கரை வரை எத்தனை இன்ச், விரித்தால் குறுக்களவு எத்தனை இன்ச், கழுத்துத் திறப்பு முழுவதும் திறக்குமா என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்ல முடியாத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

ஒரே உயரமுள்ள இரண்டு விக்ரகங்களுக்கு ஒரே உடை பொருந்தாது என்பதற்குச் சிற்ப சாஸ்திரத்திலேயே காரணம் இருக்கிறது. ஸ்தபதிகள் உருவத்தின் உயரத்தை முகத்தின் நீளத்தை அடிப்படையாகக் கொண்ட தாலம் என்ற கணக்கில் வகுக்கிறார்கள். விஷ்ணு, சிவன் போன்ற மூர்த்திகளுக்கு 124 அங்குலப் பிரிவுகள் கொண்ட உத்தம தசதாலமும், தேவியருக்கு 120 பிரிவுகள் கொண்ட மத்திம தசதாலமும் சொல்லப்படுகின்றன. தசதாலம் என்றால் பத்துத் தாலம்; இங்கே அங்குலம் என்பது இன்ச் அல்ல, உயரத்தைப் பகுக்கும் சிறு கூறு. பிள்ளையாருக்குப் பஞ்சதாலம், அதாவது மொத்த உயரம் ஏறக்குறைய ஐந்து முகங்களுக்குள் அடங்கிவிடும். தசதாலத்தில் அமைந்த பெருமாளுக்கு இடை ஒடுங்கி, கால் நீண்டு இருக்கும். அதே உயரத்துப் பிள்ளையாருக்குத் தலையும் வயிறும் பெருத்து, கால் குறுகியிருக்கும். எனவே பிள்ளையாருக்கு வேஷ்டி வாங்குபவர் இடுப்புச் சுற்றளவை அல்ல, வயிற்றின் மிகப் பருத்த இடத்தைத்தான் அளக்க வேண்டும். வயிற்றுக்கு மேலே கட்டினால் துணி மார்புக்கு ஏறிவிடும். வயிற்றுக்குக் கீழே கட்டினால் வேஷ்டி என்று சொல்லிக்கொள்ள அரை இன்ச்கூடத் தெரியாது. தொப்பையின் நடுவில் கட்டி, முடிச்சைப் பின்புறம் இறக்கிவிடுவதே நடைமுறையில் நிற்கிறது.

வீட்டு விக்ரகங்களுக்கு உடை அமைவது கடினமாக இருப்பதற்கு அவற்றின் சிறிய உருவமே முதற்காரணம் என்பேன். கட்டைவிரல் கணு அளவிலிருந்து ஒரு சாண் வரை உயரமுள்ள பிரதிமைகளே இல்லத்துக்கு உகந்தவை, அதைவிடப் பெரியவை வேண்டாம் என்று மத்ஸ்ய புராணம் சொல்கிறது. ஒரு சாண் என்பது விரல் அகலக் கணக்கில் பன்னிரண்டு அங்குலம், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 9 இன்ச். இந்த அளவுக்குள் இருக்கும் உருவத்துக்கு மனிதர் உடையை அப்படியே சுருக்கிக் கட்டலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: நீளமும் அகலமும் சுருங்கும், துணியின் கனம் சுருங்காது. ஐந்தே கால் அடி உயரமுள்ள ஒரு பெண் 27 அடி நீளமுள்ள ஒன்பது கஜப் புடவையைக் கட்டுகிறார் என்றால், அது அவர் உயரத்தின் ஐந்து மடங்கு. இந்தக் கணக்கில் 6 இன்ச் அம்பாளுக்கு மடிசார் கட்ட 30 இன்ச் துணி வேண்டும். அத்தனை துணியையும் 3 இன்ச் இடுப்பில் சுற்றிக் கொசுவமும் செருகினால், இடுப்பின் பருமன் இரண்டு மடங்காகி, அம்பாள் துணி மூட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல் ஆகிவிடும். இடுப்புச் சுற்றளவின் மூன்று மடங்குக்கு மேல் துணி வேண்டாம் என்பது என் கணக்கு. 3 இன்ச் இடுப்புக்கு 9 இன்ச் நீளம் போதும். அகலம், இடுப்பிலிருந்து பாதம் வரை உள்ள உயரத்தோடு மேல் மடிப்புக்கு அரை இன்ச். மடிசாரின் கச்சம் வேண்டுமானால், முன்கொசுவத்தை மட்டும் தனியாக மடித்து, இஸ்திரி போட்டு, மேல் விளிம்பில் ஒரு நாடாவோடு சேர்த்துத் தைத்துவைத்துக்கொண்டு, கால்களுக்கிடையே ஒற்றைத் துணியைப் பின்னுக்கு இழுத்துச் செருகினால், பார்வைக்கு மடிசாராகவே இருக்கும், கனமும் சேராது.

இதிலிருந்து நான் சொல்ல வருவது, ஒரு சாணுக்கு உட்பட்ட விக்ரகத்துக்குத் தைத்த உடையைவிடக் கட்டும் துணியே பெரும்பாலும் பொருந்தும் என்பதுதான். தைத்த உடை ஓர் அளவுக்குத்தான் பொருந்தும். கட்டும் துணியை ஒவ்வொரு மூர்த்திக்கும் கைதான் அளவாக்குகிறது. கோயில்களிலும் உற்சவருக்கு வஸ்திரம் சாத்துவது பெரும்பாலும் மடித்தும் சுற்றியும் கட்டியும்தான். காஞ்சிபுரம் அத்தி வரதர் 2019-இல் ஜூலை 1 முதல் 31 வரை சயனக் கோலத்திலும், ஆகஸ்ட் 1 முதல் 17 வரை நின்ற கோலத்திலும் சேவை சாதித்தார். ஒரே திருமேனிக்கு, கோலம் மாறியவுடன் பட்டு சாத்தும் முறையும் மாறியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். இதற்கு விதிவிலக்கு தவழும் கிருஷ்ணன். அவனுக்கு மட்டும் தைத்த உடையே சரி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அளவெடுக்க டேப் வேண்டாம். சிறு உருவத்தின் வளைவுகளில் அது படியாது. கெட்டியான பருத்தி நூல் ஒன்றை எடுத்து, நகைகளையும் பழைய வஸ்திரத்தையும் களைந்த பிறகு சுற்றி, நூலில் பேனாவால் குறியிட்டு, அதை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு, இடுப்பிலிருந்து பீடத்தின் மேல்விளிம்பு வரையிலான நீளம், உடலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு ஆகியவை எல்லா விக்ரகங்களுக்கும் வேண்டும். அமர்ந்த கோலமானால் ஒரு முழங்காலின் வெளிவிளிம்பிலிருந்து மறு முழங்காலின் வெளிவிளிம்பு வரை மடியின் மேலாக அளந்த நீளம் மிக முக்கியம். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பாவாடை முன்னால் தூக்கிக்கொண்டு நிற்பதற்கும் இதுவே காரணம். சுற்றளவுகளோடு கால் இன்ச் கூட்டிக்கொள்ளுங்கள். உருவம் சிறிதாக இருப்பதால் இந்தக் கால் இன்ச் இல்லாவிட்டால் முடிச்சுப் போடவே விரல் நுழையாது.

இனி உங்கள் லட்சுமி. திருவாசியோடு சேர்ந்த வார்ப்பு என்பதால் முதலில் நூலை முதுகுக்குப் பின்னால் நுழைத்துப் பாருங்கள். பல வார்ப்புகளில் திருவாசி பீடத்தின் இரு பக்கங்களிலும் கிரீடத்தின் அருகிலும் மட்டுமே ஒட்டியிருக்கும். முதுகுக்குப் பின்னே இடைவெளி இருக்கும். அப்படியானால் நாடா அந்த வழியாகச் செல்லும். முதுகுப்புறம் முழுவதும் தட்டையாக அடைபட்ட வார்ப்பாக இருந்தால், நாடாவைத் திருவாசியையும் சேர்த்துப் பின்னால் சுற்றித்தான் கட்ட வேண்டும். முன்னால் கைகளுக்குப் பின்னே மறையும்படி கொண்டுபோனால் அது கண்ணில் படாது. இரண்டு வகையிலும் முழுச் சுற்றுப் பாவாடை இங்கே பயன்படாது. முழங்கால் முதல் முழங்கால் வரை அளந்தீர்களே, அதைப் போல் ஒன்றரை மடங்கு அகலத்தில், இரண்டு இன்ச் நீளத்தில், மேலே நாடா வைத்த முன்புற மறைப்பு ஒன்றே போதும். மடிப்புகளை நடுவில் அடர்த்தியாகவும் முழங்கால் பக்கம் தளர்வாகவும் வைத்தால், பத்மாசனத்தின் மேல் அது விசிறி போல் படிந்து அமரும்.

லட்சுமியின் கீழ் இடக்கை வரத ஹஸ்தமாக மடிக்கு அருகே தாழ்ந்திருந்தால், துணி அந்தக் கைக்கு அடியில் செல்ல வேண்டும். வரம் தரும் கையை மறைத்துவிட்டு அலங்காரம் செய்வதில் பொருளில்லை. தைத்த ரவிக்கை நான்கு கை விக்ரகத்துக்குச் சேரவே சேராது. கை நுழைக்கும் ஓட்டை இரண்டுதான் இருக்கும், பின்னிரு கைகள் தாமரை ஏந்தி மேலே நிற்கும். அதற்குப் பதில், அரை இன்ச் அகல மெல்லிய துணியை முந்தானையாக வலது இடுப்பில் தொடங்கி, மார்பின் குறுக்கே ஏற்றி, இடது தோளில் மேல் கைக்கு முன்பாகப் போட்டுப் பின்னால் செருகிவிடுங்கள். பஞ்சலோகத்திலும் பித்தளையிலும் ஸ்தபதி ஏற்கெனவே ஆடை மடிப்புகளையும் கச்சையையும் செதுக்கியிருப்பதால், முழுவதும் மூட வேண்டுமே என்ற பதற்றம் தேவையில்லை. நாம் சாத்தும் வஸ்திரம் பதினாறு உபசாரங்களில் ஒன்று. நேரமில்லாத நாளில் "வஸ்திரார்த்தம்" என்று சொல்லி அட்சதை சமர்ப்பிப்பதையே பூஜை முறை ஏற்றுக்கொள்கிறது. பொருந்தாத உடையைப் பலவந்தமாக மாட்டி, தினமும் விக்ரகத்தைச் சாய்த்தும் புரட்டியும் சிரமப்படுவதைவிட, சிறு பட்டுத் துணியொன்றை மடித்துத் தோளில் சாத்துவது எவ்வளவோ மேல்.

நின்ற கோலத்துப் பெருமாள், முருகன், ராமர் போன்றவர்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். இடுப்பில் கட்டி, முன்னால் ஒரு கொசுவம், தோளில் உத்தரீயம் என்று முடிந்துவிடும். கரை, பீடத்துக்குச் சற்று மேலே நின்று திருவடி தெரிய வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முருகனுக்கு வேல் தனியாகக் கழன்று வருமானால், அதைக் கழற்றிவிட்டு அளந்து, உடுத்தியபின் மாட்டுங்கள்.

தவழும் கிருஷ்ணன் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையில் வெண்ணெய் உருண்டையை ஏந்தி, ஒரு முழங்காலைத் தூக்கி நிற்பவன். அவனுக்கு இடுப்பு என்று தனியாகக் கட்டுவதற்கு இடமில்லை. உடல் சாய்ந்திருப்பதால் வேஷ்டி வழுக்கிப் பின்னால் போய்விடும். அதனால்தான் மதுராவையும் பிருந்தாவனத்தையும் உள்ளடக்கிய பிரஜ் பகுதியில் போஷாக் என்று அழைக்கப்படும் அவனுடைய உடை, கழுத்திலும் தோளிலும் தொங்கி, கீழே வட்டமாக விரிந்து கால்களையும் தரையையும் சேர்த்து மூடும்படி தைக்கப்படுகிறது. இதற்கு வேண்டிய குறுக்களவைச் சிறு கணக்கால் நீங்களே கண்டுபிடிக்கலாம். பாவாடைப் பகுதி தொடங்கும் மார்புக் கீழ்ப்பகுதியின் சுற்றளவை 3.14-ஆல் வகுத்து, அதோடு அங்கிருந்து தரை வரையிலான நீளத்தின் இரண்டு மடங்கைக் கூட்டுங்கள். சுற்றளவு 6.28 இன்ச், நீளம் 3 இன்ச் என்றால் 2-உம் 6-உம் சேர்ந்து 8 இன்ச் குறுக்களவு. தூக்கிய முழங்கால் துணியை மேலே இழுக்கும் என்பதால் இன்னும் அரை இன்ச் சேர்த்துக்கொள்வது நல்லது. 6 இன்ச் உயரமுள்ள கிருஷ்ணனுக்கு 6 இன்ச் குறுக்களவு ஒருபோதும் போதாது என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். வாங்கும்போது முதுகுப்பக்கம் கழுத்திலிருந்து கீழ்க்கரை வரை முழுவதும் திறந்து, நாடாவாலோ ஒட்டுப் பட்டையாலோ மூடும் உடையையே தேர்ந்தெடுங்கள். தலை வழியே போடும் உடை, கொண்டையும் காதும் தடுத்து இறங்காது. கைப்பகுதி தளர்வாக, தோளோடு முடிவதாக இருக்கட்டும். ஊன்றிய கையின் மணிக்கட்டு வரை நீளும் கை வைத்த உடையை அந்தக் கையில் ஏற்றுவதற்கு வழியே கிடையாது.

பிரஜ் பகுதியில் கிருஷ்ணனைக் கைக்குழந்தையாகவே பாவித்து, குளிர்காலத்தில் கம்பளியும் கோடையில் மெல்லிய மல்மல் துணியும் உடுத்துவார்கள். குட்டி ஸ்வெட்டர்கூட விற்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று தோன்றினாலும், பின்னல் துணி இழுபடுவதால் அளவு சற்று முன்பின் இருந்தாலும் பொருந்திவிடும் என்ற ஒரு வசதி அதில் உண்டு.

துணியின் வகையைப் பற்றிச் சொல்லாமல் அளவைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. கனத்த காஞ்சிப் பட்டின் ஜரிகைப் பகுதியை வெட்டி விக்ரகத்துக்குச் சாத்தும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஜரிகை நெருங்கிய துணி சிறு மடிப்பாக மடியாமல் அட்டை போல் விறைத்து நிற்கும். மென்பட்டு, மல்மல், பழகிய மெல்லிய பருத்தி ஆகியவையே கால் இன்ச் மடிப்புக்கு இணங்கும். கரையும் உருவத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும்: மூன்று இன்ச் வேஷ்டியில் இரண்டு இன்ச் கரை வந்தால் வேஷ்டி முழுவதும் கரைதான். அங்கவஸ்திரத்தின் அரை இன்ச் கரைதான் எனக்குத் தெரிந்து இதற்கு மிகவும் பொருத்தமானது. ஓர் அங்கவஸ்திரத்திலிருந்து சிறிய விக்ரகத்துக்குப் பல வேஷ்டிகள் கிடைக்கும். உடம்பில் உடுத்திய துணியை வெட்டிச் சாத்துவதை ஆசாரம் பார்க்கும் வீடுகளில் ஏற்பதில்லை. தாம்பூலத்தில் வந்த புது ரவிக்கைத் துணியாக இருந்தால் யாருக்கும் ஆட்சேபம் இராது.

நைலான் வலைத் துணியையும் பாலியெஸ்டர் பளபளப்பையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை குறைவு, கண்ணைப் பறிக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் குத்துவிளக்குக்கும் கற்பூர ஆரத்திக்கும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும் துணி அது. தீப்பொறி பட்டால் உருகி விக்ரகத்தோடு ஒட்டிக்கொள்ளும். வட்டமாக விரியும் கிருஷ்ணன் உடையில் இந்த ஆபத்து அதிகம். விளக்கை ஊஞ்சலிலிருந்தும் சிம்மாசனத்திலிருந்தும் தள்ளி வையுங்கள்.

அபிஷேகத்துக்குப் பிறகு ஈரத்தோடு துணியைச் சாத்தினால், துணிக்கும் உலோகத்துக்கும் இடையே நீர் தங்கிப் பித்தளையிலும் செம்பிலும் களிம்பு ஏறும். மெல்லிய ஒற்றாடையால் இடுப்பு மடிப்பு, கை இடுக்கு, பீடத்தின் அடி என்று ஒற்றி எடுத்து, காற்றாட விட்டுவிட்டே சாத்த வேண்டும். அடர்ந்த சிவப்பு, கரும்பச்சைத் துணிகளைப் பளிங்கு விக்ரகத்துக்கு வாங்கினால் முதலில் தனியாக நனைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பளிங்கில் ஏறிய சாயத்தை எடுப்பது பெரும்பாடு. குண்டூசி கீறும், துருப்பிடிக்கும். பசை போட்டு ஒட்டுவது அதைவிடக் கேடு. நாடா, நூல் முடிச்சு, மிஞ்சினால் துணிக்கும் துணிக்கும் இடையே ஒரு சிறு தையல், இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வாங்கும்போது கேள்வி வரும். மகாலட்சுமிக்குச் சிவப்பும் இளஞ்சிவப்பும், கிருஷ்ணனுக்கு மஞ்சளும், சரஸ்வதிக்கு வெள்ளையும் வழக்கம். கள்ளழகர் வைகையில் இறங்கும்போது பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் அந்த ஆண்டு விளைச்சல் செழிக்கும் என்று மதுரையில் நம்புவார்கள். வீட்டில் இத்தனை நுட்பம் தேவையில்லை. விக்ரகத்தின் நிறத்தோடு சேராத நிறத்தைத் தவிர்த்தால் போதும். பித்தளைக்கு மஞ்சள் சாத்தினால் துணியும் மேனியும் ஒன்றாகக் கரைந்து தெரியும். கிருஷ்ணனுக்கு மஞ்சள்தான் வேண்டுமென்றால் சிவப்பு அல்லது பச்சைக் கரை போட்டதாகப் பாருங்கள்.

தைத்து வாங்குவதானால், கோயில் மாடவீதிகளில் சுவாமி வஸ்திரம் தைக்கும் தையற்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். மதுரையில் பல தலைமுறைகளாகப் புது மண்டபத்தில் இருந்த அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இயங்குகின்றன. அவர்களிடம் எண்ணைச் சொல்லாமல், செய்தித்தாளில் வெட்டிய மாதிரியைக் கொடுங்கள். காகிதத்தை விக்ரகத்தின் மேல் வைத்து மடித்துப் பார்த்து, கை வரும் இடத்தை வெட்டி, நாடா வரும் இடத்தைப் பேனாவால் குறித்தால் போதும். விக்ரகத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை, வீட்டில் பூஜையில் இருக்கும் மூர்த்தியை அப்படி எடுத்துச் செல்லப் பலர் விரும்புவதும் இல்லை. வரலட்சுமி நோன்புக்குக் கலசத்தில் முகம் வைத்து அலங்கரிப்பவர்கள் இதே காகித முறையைச் செம்பின் கழுத்துக்கும் வயிற்றுக்கும் பயன்படுத்தலாம்; உங்களிடம் இருக்கும் 6 இன்ச் பாவாடை அதற்குச் சரியாக இருக்கவும் கூடும்.

ஒரு மூர்த்திக்கு மூன்று நான்கு வஸ்திரங்கள் இருந்தால் போதும். களைந்தவற்றை மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக அலசி, நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு மூர்த்திக்கும் தனித்தனித் துணிப்பையில் போட்டு, மேலே இடுப்பு, நீளம், குறுக்களவு ஆகியவற்றை எழுதி வைத்துவிடுங்கள்; அடுத்த முறை வாங்கும்போது அந்தச் சீட்டைப் பார்த்தே வாங்கிவிடலாம்.